எங்கள் கல்லறையில் உங்கள் புருஷன்

ஹா ரத்தாவ்
9 ஜூலை 1968

லித்தாக்கொங் மலையில் இருக்கும் மாகௌத்தா அம்மாவுக்கு,

சமாதானம். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை, நானும் உங்களைப் பார்த்ததில்லை. என் பெயர் மாலினேயோ. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த பிலெமோனின் மனைவி. மூன்று வருஷம்தான் பள்ளிக்கூடம் போனேன். வேதம் வாசிக்க வந்துவிட்டது, போதும் என்று நிறுத்திவிட்டார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள்.

மார்ச் மாதம் சுரங்கத்தில் தீப்பிடித்ததே, அதில் உங்கள் புருஷன் துமோ போனார். என் புருஷனும் அதே தீயில்தான் போனார். இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்தவர்கள். உங்கள் ஊருக்கு ஒரு பெட்டி வந்திருக்கும். எங்களுக்கும் ஒன்று வந்தது. உள்ளே தகரம் வைத்துப் பற்றவைத்த பெட்டி. திறக்கக் கூடாது என்று டாக்டர் முத்திரை போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. நாங்கள் திறக்கவில்லை. கோயில் மணி அடித்தார்கள். வியாழக்கிழமை ஜெபத்துப் பெண்கள் நாற்பது பேர் வெள்ளைக் காலர் போட்டு வந்து பாடினார்கள். போதகர் பெட்டிமேல் கைவைத்து, இந்த மனிதர் இப்போது தேவனுடைய ராஜ்யத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னார். கோயில் சுவருக்கு உள்ளே புதைத்தோம். நான் மொட்டை அடித்துக் கறுப்புத் துணி போட்டேன். இன்னும் போட்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை செபாத்தா என்று ஒருவர் வந்தார். அந்த அறையில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். புகை ஏறி மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். பிலெமோனின் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

தீப்பிடித்த வாரம் துமோவுக்கு நெஞ்சு சரியில்லையாம். இருமி இருமி இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பாராம். அவர் கழுத்தில் மாட்டும் எண் டோக்கனுக்கு ஆக அடியில், கொதிக்கிற இடத்தில் கல் வாரும் வேலை. என் புருஷனுக்கு மேலே வின்ச் என்ற கம்பி இழுக்கும் யந்திரத்தை ஓட்டும் வேலை, உட்கார்ந்தே செய்யலாம். ஒரு வாரத்துக்கு டோக்கனை மாற்றிக்கொள்ளலாம் என்று பிலெமோன்தான் சொன்னாராம். அங்கே இருக்கும் வெள்ளைக்காரன் முகத்தைப் பார்க்க மாட்டான், டோக்கன் எண்ணைத்தான் பார்ப்பான். செத்தவர்களின் கழுத்திலும் எண்ணைத்தான் பார்த்திருக்கிறான்.

புரிகிறதா அம்மா? எனக்கு இரண்டு நாள் புரியவில்லை. எங்கள் கோயில் சுவருக்குள் கிடப்பது உங்கள் புருஷன். உங்கள் மலை வழக்கப்படி மாட்டுத் தொழுவத்தில் புதைத்துக் கிடப்பது என் பிலெமோன்.

அவர் ஞானஸ்நானம் பெற்றவர். பத்து வருஷம் கோயிலில் பாடியவர். சாணிக்குள் அவரை விட்டுவைக்க என்னால் முடியாது. உங்களுடையவரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையவரை எனக்குத் திருப்பிக் கொடுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாலினேயோ


லித்தாக்கொங்
2 ஆகஸ்ட் 1968

மாலினேயோவுக்கு,

உன் கடிதம் கடைக்காரரின் கோவேறு கழுதை மேல் வந்தது. பனி விழுந்து வழி அடைத்ததால் தாமதம். மூன்று தடவை படித்தேன். கிறிஸ்தவர்கள் கள் குடிக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் நீ எதைக் குடித்துவிட்டு இதை எழுதினாய்?

நானும் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள்தான், அம்மா வீட்டில் இருந்தபோது. எனக்கும் எழுத வரும். இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தப்பித்தேன். நீ எழுதியிருப்பதை வேறு யாராவது படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாயா? என் மாமனாருக்கு எழுபது வயது. துமோ அவருக்கு ஒரே மகன்.

புருஷன் என்றால் கடையில் வாங்கிய சட்டியா, ஓட்டை என்று திருப்பிக் கொடுப்பதற்கு?

கேட்டுக்கொள். நீங்கள் பெட்டியைத் திறக்காமல் இருந்திருக்கலாம். உங்கள் ஊரில் மனிதனைப் படுக்கவைத்துப் புதைப்பீர்கள், அதனால் திறக்கத் தேவையில்லை. இங்கே வீட்டுக்காரன் படுத்துக்கொண்டு போக மாட்டான். முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, உதிக்கிற சூரியனைப் பார்த்து உட்கார வேண்டும். மாமாவும் அவர் தம்பியும் தகரத்தை வெட்டித் திறந்தார்கள். அவரைத் துடைத்தார்கள். காளையை வெட்டி, சூடு ஆறுவதற்குள் அந்தத் தோலில் சுற்றினார்கள். தொழுவத்துக்குள் குழியில் உட்காரவைத்து, கையில் சோளமும் பூசணி விதையும் கொடுத்தார்கள். போகிற இடத்தில் விதைக்க வேண்டுமே. எல்லாம் மாமா கையாலேயே செய்தார். மருமகள் தொழுவத்துக்குள் போகக் கூடாது. நான் வாசல் கல்லோடு நின்றுவிட்டேன். நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் பார்த்தார். பெற்றவருக்குத் தன் மகனைத் தெரியாதா?

அந்தச் செபாத்தா பொய்க்காரன், இல்லையென்றால் புகை மூளைக்கு ஏறிவிட்டது.

உன் துக்கம் எனக்குத் தெரியும். என்னுடையதும் அதே கறுப்புத் துணிதான். அதனால் உன்னைத் திட்டாமல் விடுகிறேன். இனி எழுதாதே.

மாகௌத்தா


ஹா ரத்தாவ்
19 ஆகஸ்ட் 1968

மாகௌத்தா அம்மாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

அவரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டீர்கள். ஆட்டுக்குட்டியை மடக்குவது போல மடக்கி உட்காரவைத்துவிட்டீர்கள். அதைப் படித்த அன்று அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். அது கருகி, புகை வந்து, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. என் மகள் லினேயோ, அம்மா ஏன் வாயைத் திறந்துகொண்டே நிற்கிறாய் என்று கேட்டாள். தோல், விதை, காளை பலி. போதகர் எவற்றை எல்லாம் கூடாது என்று சொன்னாரோ, பிலெமோன் எவற்றை எல்லாம் பதினெட்டு வயதில் விட்டுவிட்டு வந்தாரோ, அத்தனையையும் அவர்மேல் போட்டுவிட்டீர்கள். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது அவர் எப்படி எழுவார்? கையில் பூசணி விதையோடா?

உங்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை என்று தெரிகிறது. நீங்கள் உங்களுடையவர் என்று நினைத்துச் செய்தீர்கள். ஆனால் இது பொய் என்று சொல்லாதீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். என் புருஷனுக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வின்ச் கம்பி வெட்டிவிட்டது. விதை கொடுத்த கையில் எத்தனை விரல் இருந்தது என்று உங்கள் மாமாவைக் கேளுங்கள். ஐந்து என்று சொன்னால் நான் செத்தாலும் இனி எழுத மாட்டேன்.

இன்னொரு விஷயம். செபாத்தா என்னிடம் சொன்னதை வழியில் வேறு இடத்திலும் சொல்லியிருக்கிறார். இப்போது ஊருக்கே தெரியும். எசாயா என்று எங்கள் சபை மூப்பர், நாற்பது வருஷமாக மூப்பராக இருப்பவர், விஷயத்தை மூப்பர் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். ஞானஸ்நானம் இல்லாத ஒருவன், முன்னோருக்குக் கள் ஊற்றுகிறவன், சுவருக்குள் கிடக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை, மண் இளகிய பிறகு தோண்டுவார்கள். சுவருக்கு வெளியே ஓடைப் பள்ளத்தின் ஓரத்தில் வைப்பார்கள். தூக்கு மாட்டிக்கொண்டவர்களை வைக்கும் இடம் அது. குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று காகிதம் நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

இதை மறைக்க விரும்பவில்லை. அந்த இடம் காலியானால்தானே பிலெமோனைக் கொண்டுவந்து வைக்க முடியும். நீங்களும் சறுக்குவண்டியும் காளைகளும் அனுப்பி உங்களுடையவரை எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு வீட்டுக்கும் நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

எத்தனை விரல் என்று கேட்டு எழுதுங்கள்.

மாலினேயோ


லித்தாக்கொங்
11 செப்டம்பர் 1968

மாலினேயோ,

கேட்டேன்.

எப்படிக் கேட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். மாமா முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் பெயரை என் வாய் சொன்னதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பிள்ளையிடம் சொல்லி, பிள்ளை அவரிடம் சொல்லும். ஒன்பது நாள் உன் கடிதத்தை இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்தேன். பத்தாம் நாள் காலை, அவர் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தார். நான் சாணிக் கூடையோடு வாசல் கல்லில் நின்று நேராகக் கேட்டுவிட்டேன். மாமா, வெதையக் குடுத்தீங்களே, அந்தக் கையில எத்தன விரலு இருந்துச்சு?

பால் கறக்கிற சத்தம் நிற்கவில்லை. அவர் திரும்பவும் இல்லை.

"நாலு," என்றார்.

நான் கூடையைக் கீழே வைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தெரியும், மாலினேயோ. பெட்டியைத் திறந்த அந்த நிமிடத்திலிருந்தே தெரியும். தகரத்தை மடக்கிப் பார்த்ததும் அவரும் அவர் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். வெளியே வெட்டுவதற்குக் காளை கட்டியிருந்தது, ஏழு ஊர் ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே நான் பாயில் போர்வையைப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். ஆறு மாதமாக யாரோ ஒருவருக்காக அழுதிருக்கிறேன். தினமும் வாசல் கல்லில் நின்று அந்தக் குழியைப் பார்த்து, என் பிள்ளை கௌத்தாவுக்குப் பல் விழுந்ததைச் சொன்னேன், மழை வரவில்லை என்று சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. மாமனாரை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் பாத்திரத்தை ஓரமாக வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்போம்? எங்க ஆளு இல்லன்னு மறுபடி கழுத மேல ஏத்தி ரோட்டுல விட்டிருப்போம். அவனும் ஒருத்தன் பெத்த புள்ளதானே. பெட்டியில எம்மவன் பேரு, உள்ள வேற ஆளு. அப்ப எம்மவன் வேற எவனோ பேருல எங்கயோ போயிட்டிருக்கான்னு அர்த்தம். அங்கயும் ஒருத்தன் இப்பிடித்தான் பெட்டிய வெச்சிக்கிட்டு நிக்கிறான். நான் இவனுக்குச் செஞ்சா அவன் அவனுக்குச் செய்வான். அவ்ளோதான் யோசிச்சேன். அப்புறம் எம்மவனேன்னு கூப்பிட்டு உக்கார வெச்சேன். கூப்பிட்டதுக்கப்புறம் மாத்த முடியாதுல்ல."

சுரங்கத்திலிருந்து ஏதாவது செய்தி வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தாராம். உன் கடிதம் வந்தபோது என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாராம். நான் கேட்கட்டும் என்று இருந்தாராம்.

அப்புறம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அங்கே துமோவுக்காகப் பாடினார்களா என்று.

உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். மணி அடித்தது, வெள்ளைக் காலர் பெண்கள் நாற்பது பேர் பாடியது, உங்கள் போதகர் கைவைத்து ராஜ்யத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னது. நாற்பது பேரா என்று திரும்பக் கேட்டார். நாற்பது பேர் என்றேன். எங்கள் மலையில் நாற்பது பெண்களைச் சேர்க்க நாலு ஊர் சுற்ற வேண்டும். நல்லவர்கள் வீட்டில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறான் என்றார். அங்கேயே இருக்கட்டும், எடுக்க வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு எழுது, அவள் வீட்டுக்காரன் இங்கே மகனாக இருக்கிறான், அவளுக்கு வேண்டுமென்றால் நானே குழியைத் திறந்து கொடுக்கிறேன், ஆனால் என் மகனை அவர்கள் வைத்த இடத்திலிருந்து கிளப்ப வேண்டாம் என்று சொன்னார். சொல்லிவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் நடை லேசாக இருந்தது.

உன் இரண்டாம் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஓடைப் பள்ளம் என்ற வரியை எப்படிப் படிப்பேன்? தூக்கு மாட்டிக்கொண்டவர்கள் இடம் என்பதை எந்த வாயால் சொல்வேன்? நீ கையெழுத்துப் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். மறைக்க விரும்பவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். உண்மை பேசுகிறவள்தான் நீ. எங்கள் வீட்டில் இருந்த ஒரே காளையை உன் புருஷனுக்கு வெட்டினோம்.

இந்தக் கடிதம் 24-ஆம் தேதிக்கு முன்னால் வந்து சேருமா என்று எனக்குத் தெரியாது. கடைக்காரரிடம் கெஞ்சியிருக்கிறேன்.

மாகௌத்தா


ஹா ரத்தாவ்
27 செப்டம்பர் 1968

மாகௌத்தா அக்காவுக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அன்றுதான் தோண்டும் நாள்.

தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தார். ரோட்டில் நின்றே படித்தேன். நாலு என்ற இடத்தில் தண்ணீர்ப் பானையை இறக்கிவைத்தேன். அதுவரை எனக்குத் தெரிந்ததுதான், அதற்குத்தானே கேட்டேன். ஆனால் ஒரு மனிதர் தெரிந்தே செய்தார் என்பது என் தலைக்குள் ஏறவே இல்லை. தெரிந்தே. இரண்டு தடவை திரும்பப் படித்தேன். அப்புறம் பாடினார்களா என்று அவர் கேட்ட வரி வந்தது. பானையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். கறுப்புத் துணிக்காரி ரோட்டில் ஓடக் கூடாது, உங்களுக்கே தெரியும். எல்லாரும் பார்த்தார்கள்.

மண்ணை எடுத்துவிட்டிருந்தார்கள். பெட்டியின் மூடி தெரிந்தது. நாலு பேர் மண்வெட்டியோடு நின்றார்கள், மூப்பர் எசாயா கயிறு கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். போதகர் சுவரோரம் கோட்டுப் பைக்குள் கைவிட்டு நின்றார். அவர் சின்ன வயசுக்காரர், மூப்பர் பேச்சை மீற மாட்டார்.

நிறுத்துங்கள் என்றேன். எசாயா சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, இதில் உன் கையெழுத்து இருக்கிறது என்று காட்டினார். நான் அதை அழித்துவிடுகிறேன் என்றேன். அது இப்போது சபையின் காகிதம், உன்னுடையது அல்ல என்றார். எனக்கு வாதாடத் தெரியாது. அதனால் குழிக்குள் இறங்கிவிட்டேன்.

இறங்க வேண்டும் என்று யோசித்து இறங்கவில்லை. இறங்கின பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. பெட்டிமேல் நின்றேன். காலுக்கு அடியில் பொத்தென்று சத்தம் கேட்டது. உங்கள் புருஷன்மேல் கால் வைத்ததற்கு மன்னியுங்கள். வேறு இடம் இல்லை.

அவளைப் பிடித்துத் தூக்குங்கள் என்றார் எசாயா. யாரும் அசையவில்லை. எனக்கு முதலில் ஏன் என்று விளங்கவில்லை. அப்புறம் அவர்கள் என் துணியைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. புருஷன் செத்த கறுப்புத் துணியைத் தொட்ட ஆணுக்கு நெஞ்சு அடைக்கும், அவன் மாடு கன்று போடாது என்பது உங்கள் மலையில் மட்டும் இல்லை அக்கா. நாற்பது வருஷமாக அதெல்லாம் அஞ்ஞானம் என்று பிரசங்கம் கேட்டவர்கள்தான். எசாயாவே இரண்டு அடி பின்னால் போனார். மண்வெட்டியோடு நின்ற ஒருவன் சொன்னான், "நீங்களே தூக்குங்க மூப்பரே. உங்களுக்குத்தான் விசுவாசம் ஜாஸ்தி."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போதகரைப் பார்த்தேன்.

"போதகரே, மார்ச் மாசம் இந்தப் பெட்டிமேல கைய வெச்சு, இவரு தேவனோட ராஜ்யத்துல பந்தியில உக்காந்துட்டாருன்னு சொன்னீங்க. அத யாருக்குச் சொன்னீங்க? உள்ள இருந்தவருக்கா, மேல எழுதியிருந்த பேருக்கா? பேருக்குன்னா, அந்தப் பேருக்காரரு மலையில மாட்டுக்கு நடுவுல உக்காந்திருக்காரு. உள்ள இருந்தவருக்குன்னா, பந்தியில உக்காந்தவர எழுப்பி விடறது யாரு, நீங்களா?"

அவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

போதகர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எனக்குத் தெரியல மாலினேயோ," என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் யாரும் கேட்டதில்லை. நான் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். மாமா சொன்னதை மட்டும். எல்லாரும் கேட்டார்கள். எம்மவனேன்னு கூப்பிட்டு உக்கார வெச்சேன் என்ற இடத்தில் மண்வெட்டிக்காரன் தொப்பியைக் கழற்றினான். போதகர் வந்து மண்வெட்டியைக் கையில் வாங்கினார். வெளியே வா, நான் மூடுகிறேன் என்றார். முதலில் மூடுங்கள், அப்புறம் வருகிறேன் என்றேன். நம்பவில்லை நான். மண் என் முழங்கால் வரை வந்த பிறகுதான் ஏறினேன். அவரே கைகொடுத்து ஏற்றினார். கறுப்புத் துணியையும் தொட்டார்.

உங்கள் புருஷன் வைத்த இடத்தில்தான் இருக்கிறார். சுவருக்கு உள்ளே. மாமாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

நேற்று வியாழக்கிழமை. மூப்பர் கூட்டம் என்னைக் கூப்பிட்டது. துக்கம் கழியாதவள் குழிக்குள் இறங்கினாள், சபைக்குக் கொடுத்த கையெழுத்தை மீறினாள், போதகரைக் கேள்வி கேட்டாள். வியாழக்கிழமை ஜெபத்துக்குப் போட எனக்குக் கொடுத்திருந்த வெள்ளைக் காலரையும் கறுப்புச் சட்டையையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மனந்திரும்பும் வரை பாடக் கூடாது, அப்பத்தில் பங்கு இல்லை, கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். போதகருக்கும் விளக்கம் கேட்டுத் தலைமைச் சபையிலிருந்து ஓலை வந்திருக்கிறது. கடைசி பெஞ்சு எனக்குப் புதிது. அங்கே குடித்துவிட்டு வரும் தச்சரும், கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற ஒருத்தியும் உட்காருவார்கள். அவர்களோடு இதுவரை நான் பேசியதே இல்லை. காரணம் கேட்டால், பேச என்ன இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

மாமா குழியைத் திறந்து கொடுக்கிறேன் என்று சொன்னாரே. வேண்டாம் அக்கா. மூன்று நாள் அழுது இதை முடிவு செய்தேன். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. தோலும் விதையுமாக உட்கார்ந்திருப்பவரை ஆண்டவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று சில இரவு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அப்புறம் நினைக்கிறேன், ஆண்டவரே தொழுவத்தில் பிறந்தவர்தானே, அந்த இடம் அவருக்குத் தெரியாததா? படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ. எனக்கு மூன்று வருஷப் படிப்புதான்.

ஒன்று மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. ராஜ்யத்தைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். சுவிசேஷத்தில் அந்தப் பக்கங்கள் என் புத்தகத்தில் கிழிந்தே போயிருக்கின்றன. ஆனால் உள்ளே வந்து கிடந்த மனிதரை வெளியே தள்ளக் கையெழுத்துப் போட்டவள் நான். வேதத்தைத் தொட்டுப் பார்க்காத ஒருவர், நாலு விரல் கையில் விதை வைத்து மகனே என்று கூப்பிட்டிருக்கிறார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மாமாவிடம் ஓடைப் பள்ளத்தையும் சொல்லிவிடுங்கள். நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவர் கெட்ட வார்த்தை சொன்னால் அதையும் எழுதுங்கள்.

மாலினேயோ


லித்தாக்கொங்
16 அக்டோபர் 1968

தங்கச்சி மாலினேயோ,

எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கையெழுத்து, ஓடைப் பள்ளம், தூக்கு மாட்டிக்கொண்டவர்கள், ஒன்றையும் விடவில்லை. மாமா தொழுவ வாசலில் உட்கார்ந்து கேட்டார். பள்ளம் என்ற இடத்தில் எழுந்துவிட்டார். கொஞ்ச தூரம் போய், எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் நிறுத்தினேன். படி என்றார், திரும்பாமலே. நீ பெட்டிமேல் நின்றதைப் படித்தபோது திரும்பினார். மண் முழங்கால் வரை வந்ததை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். அந்தக் கடைசி பெஞ்சு யாருக்கு என்று. தப்பு செய்தவர்களுக்கு என்றேன். எங்களைப் போல ஞானஸ்நானம் இல்லாதவர்கள் போனால் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டார். அதே கடைசி பெஞ்சில்தான் என்று பள்ளிக்கூட நாளில் பார்த்த நினைவு, அதைச் சொன்னேன்.

"அப்ப நம்ம மருமகளும் அங்கதான் உக்காந்திருக்கா," என்றார்.

உன்னைத்தான் சொல்கிறார். உன் புருஷன் அவருக்கு மகன் என்றால் நீ வேறு யார்?

நேற்று குதிரைக்கு லாடம் அடித்தார். மகன் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும், பாடின பெண்களில் இரண்டு பேரையாவது பார்க்க வேண்டும் என்கிறார். அந்த எசாயாவையும் பார்க்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறார். எனக்கு அதுதான் பயம். நானும் வருகிறேன். கறுப்புத் துணிக்காரி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சின்ன மாமா தடுத்தார். ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு குழிக்குள்ளேயே இறங்கிவிட்டாள், இனி என்ன இருக்கிறது என்று மாமாதான் பதில் சொன்னார்.

வழியில் மூன்று நாள். இந்தக் கடிதம் எங்களுக்கு ஒரு நாள் முன்னால் வந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது சீக்கிரமாகப் போய், அந்தத் தச்சரைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல். மாமாவுக்குக் கால் மடக்க வராது, ஓரத்தில் இடம் வேண்டும். பக்கத்தில் எனக்கும் வை.

மாகௌத்தா